அனுமானங்கள்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 22, 2025

90 நாளாம். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி மொத்தமும் 90 நாளைக்கு நிறுத்திவைப்பு, அப்புறம் மறுபரிசீலனை. இன்றைய லாக்ஃபிரேம் பாடம் (வளர்ச்சித் திட்டத்தை ஒரே அட்டவணையில் அடக்கும் முறை) யார் காதிலும் ஏறவில்லை. பேராசிரியர் மட்டும் விடாமல் பலகையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இலக்கு, நோக்கம், வெளியீடு, செயல்பாடு. அவற்றுக்கு எதிரே இண்டிகேட்டர், அதாவது வெற்றியை அளக்கும் குறியீடு, அதைச் சரிபார்க்கும் வழி, நான்காவது நெடுவரிசையில் அனுமானங்கள், அதாவது திட்டம் பலிக்க வெளியே எதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது.

ஜனவரி 25

நேற்று வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. புது ஒப்பந்தம் கிடையாது என்பதோடு முடியவில்லை, நடந்துகொண்டிருப்பதும் நிற்க வேண்டும். பிராக்டிகம் (படிப்போடு சேர்ந்த களப்பயிற்சி) செய்யவேண்டிய இடத்துக்கு மெயில் போட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "நிலைமை தெளிவானதும் தெரிவிக்கிறோம்."

பிப்ரவரி 1

அமெரிக்கப் பணத்தில் ஓடும் பஞ்ச எச்சரிக்கை அமைப்பான ஃபியூஸ் நெட்டின் தளம் திறக்கவில்லை. எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு, அடுத்த பஞ்சத்தையாவது முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று 1985-ல் தொடங்கியது. அதன் வரைபடத்தை அசைன்மெண்டில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். இப்போது அந்த இணைப்பைத் தட்டினால் ஒன்றும் வருவதில்லை. மேற்கோளை எடுத்துவிடவா, அப்படியே இருக்கட்டுமா? இருக்கட்டும்.

பிப்ரவரி 9

மெயில் இல்லை.

பிப்ரவரி 26

நேற்று பிரிட்டனும் சொல்லிவிட்டது. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருக்கும் உதவி 2027-ல் 0.3 ஆகும், மிச்சம் பாதுகாப்புச் செலவுக்கு. கூடவே இன்னொரு செய்தி: அமெரிக்கப் பணத்தில் ஓடிய டிஹெச்எஸ் (மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு) திட்டமும் போயிற்று. 1984 முதல் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, குழந்தையின் உயரம், எடை எல்லாம் கேட்டும் அளந்தும் எழுதியவர்கள். என் தீசிஸ் நிற்பதே அவர்களுடைய கேள்வித்தாளின் ஒரு கேள்விமேல்தான். தண்ணீர் எடுக்கப் போய், எடுத்துக்கொண்டு, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு வேண்டிய கோப்புகளை ஏற்கெனவே இறக்கி வைத்தாயிற்று. தீசிஸுக்கு ஆபத்தில்லை. ஆனால் அடுத்த சுற்று எப்போது, யார் காசில்? பத்து வருடம் கழித்து இதே கேள்வியை எடுத்துக்கொண்டு உட்காருபவருக்கு 2025-க்குப் பிறகு எதுவும் இல்லாமல் போகலாம்.

இரவெல்லாம் அந்த 30 நிமிடக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிநீர்ச் சேவையைப் படிப்படியாகத் தரம்பிரிக்க உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வைத்த ஏணி. மேம்பட்ட நீராதாரத்துக்கு (குழாய், அடிகுழாய் மாதிரி) போய்வர 30 நிமிடத்துக்குள் என்றால் 'அடிப்படைச் சேவை', தாண்டினால் 'வரம்புக்குட்பட்ட சேவை'. குடத்தோடு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு யார் போகிறார்கள்? பதில்கள் 10, 15, 30, 60 என்று முழு எண்களில் குவிந்து கிடக்கின்றன. 30-ல் ஒரு பெரிய குவியல். "அரை மணி நேரம் ஆகும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்ன எல்லாரும் அடிப்படைச் சேவை பெற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

மார்ச் 11

அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் 83 சதவீதத் திட்டங்கள் ரத்து. நேற்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ரூபியோ ஒரு எக்ஸ் பதிவில் சொல்லியிருக்கிறார். உலகமே காத்திருந்த மறுபரிசீலனையின் முடிவு ஒரு சமூக ஊடகப் பதிவு!

வகுப்பில் ஒரு சீனியர் இருக்கிறார், பல வருடம் எச்ஐவி திட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். மதியம் பழைய ப்ரொபோசல்களை எடுத்து வைத்துக்கொண்டு நான்காவது நெடுவரிசையை மட்டும் வாசித்துக் காட்டினார். 'நாட்டில் அரசியல் நிலைத்தன்மை தொடரும்.' 'சுகாதார அமைச்சகத்தின் ஒத்துழைப்பு நீடிக்கும்.' 'பணவீக்கம் கட்டுக்குள் இருக்கும்.' எல்லாமே உதவி வாங்குகிற நாட்டைப் பற்றிய சந்தேகம். கொடுக்கிற நாட்டின் அரசியல் மாறாது என்று ஒரு வரி எதிலும் இல்லை. எழுதினால் பணம் கொடுக்கும் டோனர் முகம் சுளிப்பார் என்பதால் விட்டதாக நினைத்தேன். "யாருக்கும் தோன்றவே இல்லை" என்றார். லாக்ஃபிரேமே 1960களின் கடைசியில் யுஎஸ்எய்டுக்காக உருவானதுதானே. கேள்வி கேட்கிறவர் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ள அதில் கட்டமே இல்லை.

மார்ச் 19

செமினார், வங்கதேசத்து அடிகுழாய்கள். குளத்து நீரால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று 1970களில் யுனிசெஃப் துணையோடு குழாய்க் கிணறு போடத் தொடங்கினார்கள். இண்டிகேட்டர்படி பார்த்தால் பிரமாதமான வெற்றி. 1993-ல் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது உறுதியாயிற்று. அதற்கு ஒரு வருடம் முன்பு பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த நீரைச் சோதித்து அறிக்கை கொடுத்திருந்தது. சோதித்த பட்டியலில் ஆர்சனிக் மட்டும் இல்லை. பாதிக்கப்பட்டவர் அந்த நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை (அப்போது அங்கே உச்ச நீதிமன்றம் அதுதான்) போய் 2006-ல் தோற்றது. சோதிக்காத ஒன்றுக்காக அந்தக் கிராமத்தாரிடம் ஆய்வு நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்பது தீர்ப்பு.

தீர்ப்பு சரியா தப்பா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. எனக்கு மனசு வேறெங்கோ. ஆர்சனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் குழாய்க்குச் சிவப்புப் பெயிண்ட், கீழே இருந்தால் பச்சை. (உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10.) வீட்டருகே இருக்கும் சிவப்பை விட்டுவிட்டு ஒரு பெண் தூரத்துப் பச்சைக்கு நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 40 நிமிடம். அவள் 'அடிப்படை'யிலிருந்து ஒரு படி இறங்கிவிடுகிறாள். விஷத் தண்ணீரை வாசலில் பிடித்துக் குடிக்கிற பக்கத்து வீடு 'அடிப்படை'யிலேயே சௌகரியமாக இருக்கிறது. என் ரிக்ரஷன் கணக்கில் அவள் ஒரு பின்னடைவு. இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது?

ஏப்ரல் 3

களப்பணிக்கே வழியில்லை. நெறிமுறைக் குழுவோ ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பத்தியில் எழுத்துரு மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறது.

ஏப்ரல் 17

பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் கணக்கு வந்துவிட்டது. 2024-ல் உதவித்தொகை 7.1 சதவீதம் சரிவு. அதாவது இந்த வருட வெட்டெல்லாம் வருவதற்கு முன்பே. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவிக்கு என்று ஐ.நா. தீர்மானம் போட்டது 1970-ல். இப்போது அதை எட்டியிருப்பவை டென்மார்க், லக்ஸம்பர்க், நார்வே, ஸ்வீடன். அவ்வளவுதான். பழியை எல்லாம் ஒரே நாட்டின்மேல் போட்டு ஆறுதல் அடைந்துகொண்டிருந்தோம், அதுவும் போச்சு.

மே 8

வேலை அறிவிப்புகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஆரம்பநிலைப் பணிக்கு இருபது வருட அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கிறார்கள், அந்தச் சீனியர் உட்பட. அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? பட்டேன்.

மே 9

கோபம் போயிற்று. அவர்தான் '30 நிமிடம்' என்ற பதில்களை வைத்து ஒருமுறை, தள்ளி ஒருமுறை கணக்கை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். முடிவு ஆடுகிறது!

ஜூன் 10

உலக வங்கி வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றிவிட்டது. 2022-க்கான கணக்கில் 71.3 கோடியாக இருந்த கடும் ஏழைகள் 83.8 கோடி. காரணங்கள் நியாயமானவை: நாடுகளுக்கிடையிலான 2021-ன் விலை ஒப்பீடு, ஏழை நாடுகளே உயர்த்திக்கொண்ட சொந்த வறுமைக் கோடுகள். ஆனாலும் ஒரே நாளில் 12.5 கோடிப் பேர். அவர்கள் வீட்டில் அன்று எதுவும் மாறியிருக்காது.

தீசிஸ் வழிகாட்டி என் 30 நிமிட அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார்: "சுவாரசியம். ஆனால் கொள்கைப் பரிந்துரை எங்கே?"

ஜூன் 22

பரிந்துரை எழுதினேன். அழித்தேன்.

ஜூலை 1

இன்றோடு யுஎஸ்எய்டு இல்லை. 1961-ல் தொடங்கியது, மிச்சம் மீதி வெளியுறவுத் துறைக்குள் போகிறது. அதே நாளில் செவில் நகரில் வளர்ச்சிக்கான நிதி மாநாடு, வருடத்துக்கு 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கா போகவில்லை.

பிராக்டிகம் இடத்திலிருந்து கடைசியில் மெயில். சம்பளம் கிடையாது, களம் கிடையாது. வீட்டிலிருந்தபடியே, மூடப்படும் திட்டங்களின் கோப்புகளை வகைப்படுத்திக் கொடுக்கும் வேலை. லாக்ஃபிரேம்களும் அதில் உண்டாம். நாளை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.