புள்ளிமூக்கு வாத்துக்கு வாழிட வரைபடம்: பிழை எங்கே நுழைகிறது?

ஓர் உயிரினம் பதிவான இடங்களையும் சூழல் தரவையும் வைத்து, அது வாழத்தக்க இடங்களைக் கணிக்கும் மென்பொருள் மேக்ஸென்ட். அதன் கணிப்பில் பெரும்பாலான பிழைகள் மென்பொருளைத் திறக்கும் முன்பே நுழைந்துவிடுகின்றன. பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் இபேர்ட் தளத்தின் பதிவுகளில் பல கிலோமீட்டர் பயணித்து எடுத்த பட்டியல்களை நீக்குங்கள்; ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு பதிவு போதும். பறவை பார்ப்பவர்கள் வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் திரும்பத் திரும்பப் போகிறார்கள். அதைச் சரிசெய்யாவிட்டால் கணிப்பு மாதிரி கற்பது வாத்தை அல்ல, ஆட்களின் நடமாட்டத்தை. ஒப்பீட்டுக்கு மேக்ஸென்ட் எடுத்துக்கொள்ளும் பின்னணிப் புள்ளிகளை மற்ற நீர்ப்பறவைகள் பதிவான இடங்களிலிருந்தே எடுங்கள்.

வேர்ல்ட்கிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவுத்தொகுப்பின் 19 காலநிலை மாறிகளையும் அப்படியே கொட்ட வேண்டாம், இரண்டும் சேர்ந்து மாறும் அளவான ஒட்டுறவு 0.7-ஐத் தாண்டும் இணையில் ஒன்றை விடுங்கள். என் பார்வையில் இந்த வாத்துக்கு நீர்தான் எல்லாம்: ஆழம் குறைந்த, கரையில் கோரை மண்டிய நன்னீர். ஒரு கிலோமீட்டர் படப்புள்ளியில் (பிக்சலில்) சிறு கண்மாய் காணாமல் போய்விடும். ஆகவே லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் 30 மீட்டர் நீர்ப்பரப்புத் தரவிலிருந்து, கட்டத்தில் நீர் எத்தனை சதவீதம், எத்தனை மாதம் நிற்கிறது என்று கணக்கிட்டுச் சேருங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரியைச் செயற்கைக்கோள் தரை என்றே படிக்கும். அவற்றைக் கையால் திருத்தத்தான் வேண்டும்.

சோதனைப் பதிவுகளை நிலப்பகுதி வாரியாகப் பிரியுங்கள். குலுக்கிப் பிரித்தால் அண்டைப் புள்ளிகள் இரு தொகுதியிலும் விழுந்து, கணிப்பின் திறனை அளக்கும் ஏயூசி மதிப்பு பொய்யாக உயரும்.