இரண்டு மீட்டரும் இரண்டு மில்லிமீட்டரும்

சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில் அக்கா வீட்டில் தங்கியிருந்ததால் மெரினா பே எனக்குத் தூரம், சுங்கை பூலோ பக்கம். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்தைப் பிடித்தேன். அலையாத்தி மரங்கள் நிறைந்த இந்த ஈரநிலம் 2002 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி.

இங்கே உடும்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. நடைபாதையை மறித்துக்கொண்டு ஒரு நீர் உடும்பு கிடந்தது. வாலோடு சேர்த்தால் இரண்டு மீட்டர் இருக்கும். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது. காற்றில் உள்ள வாசனையை அப்படித்தான் அள்ளி, மேலண்ணத்தில் இருக்கும் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. நண்டு, மீன், முட்டை, செத்துக் கிடப்பது எதுவானாலும் அதற்குச் சாப்பாடுதான். நம்மூரில் உடும்பைக் கண்டதும் கறி ஞாபகம் வருபவர்கள் உண்டு. இங்கே ஒரு கூட்டமே அது வழிவிடும்வரை கேமராவோடு காத்து நின்றது. கடைசியில் சேற்றில் இறங்கி நடந்தது. இரு பக்கமும் நகத்தடம், நடுவே வால் இழுத்த கோடு. அடுத்த கடல் ஏற்றத்தில் எல்லாம் அழிந்துவிடும்.

அன்று சாயங்காலம் அக்காவின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் அழியாத தடம் ஒன்று கிடைத்தது. தொட்டியில் இருந்த லிமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சைச் செடியின் கொழுந்திலைகளில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடியது. இலைத் துளைப்பான் என்னும் அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. வளர்ந்த அந்துப்பூச்சியின் உடல் சுமார் 2 மில்லிமீட்டர்தான். உடும்பின் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் புழுவோ இலையின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, செல்களைக் கீறிச் சாற்றைக் குடித்தபடியே நகர்கிறது. தொடக்கத்தில் நூல் மாதிரி இருக்கும் கோடு, புழு வளர வளர அகலமாகிறது. நடுவே ஓடும் கருத்த கோடு அதன் எச்சம். கடைசியில் இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. எந்த இடத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால், காலையில் பார்த்ததைவிட இதுதான் கேமராவுக்கு உரியது.

அக்காவுக்குச் செடிதான் கவலை. "மருந்து அடிக்கட்டுமாடா?" என்றாள்.

"வேண்டாம்க்கா. இது கொழுந்தில்தான் முட்டை வைக்கும், முற்றின இலையை அவ்வளவாகத் தொடாது. நாலைந்து இலை போனால் செடி தாங்கும்."

"சரி, அந்த உடும்பு படத்தைக் காட்டு."