பாதிப் பாலம்

நடுத்தீவு வரைக்குமாவது வாங்க அண்ணாச்சி என்று அவரைக் கூப்பிட்டது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சவூதியில் அல்கோபாரில் இருந்தவர்களுக்கு, அங்கிருந்து பஹ்ரைன் நாட்டுக்குப் போகும் கடல் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1986இல் திறந்தது, 25 கிலோமீட்டர். கடல் நடுவில் மண் கொட்டி உண்டாக்கிய தீவுதான் நடுத்தீவு, அங்கேதான் பாஸ்போர்ட் சோதனை. அதற்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். அதுவரை போக எக்சிட் ரீ-என்ட்ரியும் (சவூதியைவிட்டு வெளியே போய்த் திரும்ப வரும் அனுமதி) வேண்டாம், விசாவும் வேண்டாம்.

என் இக்காமாவில் (அங்கே தங்குவதற்கான அட்டை) முஹந்திஸ், அதாவது இன்ஜினியர். அண்ணாச்சியுடையதில் ஆமில், அதாவது தொழிலாளி. ஒரே பம்ப் ஹவுஸில், ஒரே வெயிலில்தான் இரண்டு பேரும் நின்றோம். எனக்குக் கம்பெனி பல தடவை போய்வர மல்டிபிள் எக்சிட் ரீ-என்ட்ரி போட்டுக் கொடுத்தது, மூன்று மாதத்துக்கு 500 ரியால். அவருக்கு ஊருக்கு லீவில் போகும்போது மட்டும், ஒரே ஒரு தடவைக்கான சிங்கிள். வாரக் கடைசியில் தோன்றினால் நான் காரை எடுத்துக்கொண்டு இன்னொரு நாட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவேன். அதை ஒரு வசதியாகக்கூட நான் நினைத்ததில்லை.

2021 மார்ச்சில் சட்டம் மாறியது. கம்பெனியின் சம்மதத்துக்குக் காத்திராமல் தொழிலாளியே அப்ஷர் என்ற அரசு ஆப்பில் எக்சிட் ரீ-என்ட்ரி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். (வீட்டு வேலை செய்பவர்களை அதில் சேர்க்கவில்லை, அது தனிக்கதை.) இந்தச் செய்தியை அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னவன் நான்தான். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “போட்டுட்டு எங்க சார் போக? ஆமில்னு இருந்தா பஹ்ரைன்காரன் விசா குடுப்பானா?” என்றார்.

அப்போதுதான் நடுத்தீவுப் பேச்சை எடுத்தேன். வெள்ளிக்கிழமை என் காரிலேயே போகலாம் என்றேன்.

“வேண்டாம் சார். பாதி தூரம் போயித் திரும்புறதுக்கு ரூம்லயே கிடக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நிமிஷமே கேஸ்கட் வந்துவிட்டதா என்று கேட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டேன். விதியைப் போட்டது நான் இல்லை. அவர் எட்டாவதோடு நின்றவர் என்பதால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (எமிக்ரேஷன் செக் தேவை) என்று அச்சடித்துக் கொடுத்தது நம் அரசாங்கம்தான். 1983ஆம் ஆண்டுச் சட்டம் அது. பத்தாவது தேறாதவர் சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான் என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆக, அவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். இதற்கெல்லாம் நான் என்ன செய்ய முடியும்?

சரி, ஆனால் ஐரோப்பா போக ஷெங்கன் விசாவுக்கு நான் அலைந்த கதையை டீ நேரத்தில் எத்தனை தடவை அவர் காதுபடப் புலம்பியிருக்கிறேன்! பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி லெட்டர், ஹோட்டல் புக்கிங், இவ்வளவும் 180 நாளில் 90 நாள் தங்க. எங்கள் பிரிட்டிஷ் சூப்பர்வைசர் “இதுக்கா இவ்வளவு?” என்று சிரித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு என் புலம்பல் எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. அப்புறம் யோசித்தபோது பஹ்ரைன் பேச்சையே நிறுத்திவிட்டேன். அதையும் அவர் விடவில்லை. “என்ன சார், இந்த வாரம் போகலையா? ஊர்ப்பட்ட கதை சொல்லுவீங்களே” என்று அவராகவே கேட்டார். அப்படியென்றால் நான் போய்வருவது அவருக்கு உறுத்தவில்லையா, இல்லை என்னைச் சமாதானப்படுத்தினாரா?

அவர் ஃபைனல் எக்சிட்டில் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த பையனும் ஆமில்தான். அவனே கேட்டதால் நடுத்தீவுக்குக் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அவனோ செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்பினான், வீடியோ காலில் அம்மாவுக்குக் கடலைக் காட்டினான். திரும்பும்போது, அடுத்த மாசம் ரூம்ல இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாமா சார் என்றான். காரில் இடம் இருக்கிறது, வரச் சொல்லியிருக்கிறேன்.