வாடகை மாடிக்கு எந்தக் கேபிள்?

அலுவலகக் கட்டடத்தில் மராமத்து நடந்ததால், சில மாதங்களுக்கு ஒரு வாடகை மாடிக்கு மாறினோம். நெட்வொர்க் என் பொறுப்பு. சுவரில் துளை போடக் கூடாது என்று கட்டட உரிமையாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். கொஞ்ச நாளுக்கு வைஃபை போதாதா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கணக்குப் பிரிவு நாள் முழுக்க சர்வரில் உள்ள கோப்புகளைத் திறந்து வைத்துத்தான் வேலை பார்க்கும். அவர்களுக்குக் கேபிள்தான் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

நெட்வொர்க் கேபிளில் கேட்5இ, கேட்6 என்று தரவகைகள் உண்டு. எது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் எங்கள் நெட்வொர்க் சுவிட்சின் வேகம் நொடிக்கு 1 ஜிகாபிட். அதற்கு கேட்5இ 100 மீட்டர் வரை போதும். 10 ஜிகாபிட் வேண்டுமென்றால்தான் கேட்6, அதுவும் சுமார் 55 மீட்டர் வரைதான். எங்கள் மாடியில் அவ்வளவு நீளமே கிடையாது.

உண்மையில் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் கம்பியை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், 305 மீட்டர் கேபிள் பெட்டி ஒன்றைப் பாதி விலைக்குக் காட்டினார்கள். "இதுவும் கேட்6தான் சார், தற்காலிகத்துக்கு இது போதும்." பெட்டியைத் தூக்கியதுமே சந்தேகம் வந்தது, அவ்வளவு லேசு. ஒரு துண்டு வாங்கி, கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, சிசிஏ என்பார்கள். இரண்டு மூன்று முறை மடக்கியதும் ஒடிந்தது. மின்தடையும் அதிகம் என்பதால், கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கேமரா, ஐபி போனுக்கெல்லாம் இது ஆகாது. தற்காலிக இடத்தில்தான் கேபிள் அதிகம் இழுபடும், மடங்கும், மறுபடி சுருட்டப்படும். அங்கே போய் ஒடிகிற கம்பியைப் போடுவதா? முழுச் செம்பு கேட்5இ வாங்கினேன். அதே பணத்துக்கு இதைவிட நல்ல முடிவு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

பெட்டியில் வரும் கேபிளுக்குள் ஒவ்வொரு கம்பியும் இழைகளாக இல்லாமல் ஒரே தண்டாக இருக்கும். சுவரோரமாக அசையாமல் கிடக்கிற இடத்துக்கு அதுதான் சரி. மேசையிலிருந்து கணினிக்கு வருவது காலில் படும், நாற்காலி ஏறும். அங்கே மெல்லிய இழைகள் கொண்ட ரெடிமேட் பேட்ச் கார்டு, அதாவது இரு முனையிலும் பிளக் உள்ள சிறிய கேபிள், போட்டேன். துளை போட முடியாததால், பசை நாடா ஒட்டிய பிளாஸ்டிக் கேசிங்குக்குள் கேபிளை ஓட்டினோம். மின்சார வயரோடு சேர்த்துக் கட்டவில்லை. குறுக்கே போகவேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காக மட்டும்.

அப்புறம் ஒவ்வொரு இணைப்பையும் கேபிள் டெஸ்டரில் வைத்துப் பார்த்தோம். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே ஜோடி போதும். அதனால் மற்ற இரண்டில் ஒரு ஜோடி விட்டுப்போனாலும் பெரும்பாலும் இணையம் வந்துவிடும், வேகம் மட்டும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கும். கணினியில் 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 1 ஜிகாபிட்) என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அந்த இருக்கையை ஒப்படைத்தோம்.