மலைக்குள் நடக்கும் ஆள்: ஃபான் குவான் அமைப்பில் ஒரு பயிற்சி

கி.பி. 1000 வாக்கில் சீன ஓவியர் ஃபான் குவான் பட்டில் தீட்டிய ‘மலை ஓடைகளிடையே பயணிகள்’ 206.3 செ.மீ. உயரம், 103.3 செ.மீ. அகலம். இன்று தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மலையே அடைத்துக்கொள்கிறது. கீழே வலப்பக்கம் பொதி விலங்குகளை ஓட்டியபடி வணிகர்கள் வருகிறார்கள். அவர்களைக் கையால் மறைத்துப் பாருங்கள், மலையின் உயரம் பிடிபடாது.

இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது மை ஓவியத்துக்கான சீனத் தாளான ஷுவான் தாளில் கால் பங்கு, 69 × 34 செ.மீ. மலைக்கு 45 செ.மீ., மரத்துக்கு 4 முதல் 5 செ.மீ., ஆளுக்கு 6 மி.மீ. தாங் காலக் கவிஞரும் ஓவியருமான வாங் வெய் சொன்னதாக வழங்கும் கணக்கில் மலை பத்தடி என்றால் மரம் ஓரடி, குதிரை ஓர் அங்குலம், ஆள் அதில் பத்தில் ஒன்று. இந்தத் தாளில் அப்படியே கொண்டால் ஆள் அரை மி.மீ.கூட வராது. அதனால் மரம்வரை கணக்குப்படி, ஆளுக்கு மட்டும் சலுகை. ஆனால் 1 செ.மீ. தாண்டினால் மலை குன்றாகிவிடும்.

முதலில் வரைய வேண்டியது ஆட்கள் நடக்கும் வழிதான். அதைத் தொடர்ச்சியாக இழுத்தால் படம் வரைபடமாகிவிடும். வலது ஓரத்தில் 8 மி.மீ. அகலத்தில் தொடங்கி, பாறைக்குப் பின்னால் மறைத்து, 4 மி.மீ. ஆக வெளியே காட்டி, மறுபடி மறைத்து, மேலே 2 மி.மீ. கீற்றாக விட வேண்டும். இடையில் விட்டுப்போன துண்டுகளைப் பார்ப்பவரின் கண்ணே நடந்து கடக்கும். பார்த்து ரசிக்கும் மலையைவிட, உலாவவும் குடியிருக்கவும் தோன்றும் மலையே மேல் என்று பதினோராம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஷி சொன்னது இதனால்தான் பிடித்திருக்கிறது.

ஆட்களுக்கு விறைப்பான மரநாய் மயிர்த் தூரிகை, புதிதாக அரைத்த கெட்டி மை. தலைக்கு ஒரு புள்ளி, முதுகுக்கு வளைந்த ஒரே கோடு, கால்களுக்கு இரண்டு இழுப்பு. உடல் முன்னால் சாய்ந்திருந்தால்தான் நடை தெரியும். நேராக நிறுத்தினால் காவலுக்கு நிற்பவன் போலாகும். முந்தின நாள் மீந்த மை வேண்டாம், மேலே ஈரம் பட்டால் கசியும்.

பாறைக்கு மழைத்துளித் தீற்றல்: தூரிகையைத் துணியில் ஒற்றி, நுனியைச் சாய்த்து அழுத்தி உடனே எடுக்க வேண்டும். ஈரம் கூடினால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகும். எல்லாம் ஒரே அளவில் விழுந்தால் பாறை தட்டையாகும். விளிம்பில் அடர்த்தியாகவும் முகப்பில் இடைவெளி விட்டும் போட வேண்டும். மலையடி மூடுபனிக்கு 3 செ.மீ. வெறும் தாள், அதற்கென்று மை கிடையாது.

அடுத்த பயிற்சி தாளுக்குப் பதில் படிகாரமும் பசையும் பூசிய பட்டில். அதில் மை ஊறாது என்பதால் சாயலை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே ஏற்ற வேண்டும்.