ரிவேரா விழாவுக்கு கூப்பர்ஸ்டவுன் போனோம்: அறை போடுபவர்கள் கவனிக்க

2019 ஜூலையில் யாங்கீஸ் பந்துவீச்சாளர் மரியானோ ரிவேராவை, நியூயார்க் மாநிலம் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் (தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம்) சேர்க்கும் விழாவுக்குப் போய்விட்டு வந்தோம். விழாவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முந்தின ராத்திரி ஒரு மோட்டல் கவுண்டரில் நாங்கள் பட்ட பாட்டை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. இனி வரும் விழாக்களுக்கும் நியூஜெர்சியில் இருந்து நம்மாட்கள் நிறையப் பேர் கிளம்புவார்கள், அவர்களுக்காகவும்தான் இது.

யாரைச் சேர்ப்பது என்று பேஸ்பால் எழுத்தாளர்கள் போட்ட வாக்குகளின் முடிவு ஜனவரியில் வந்த அன்றே அறை போட்டுவிட்டேன். 425 வாக்குச்சீட்டு, 425-லும் ரிவேரா பெயர். பழைய ஜாம்பவான் பேப் ரூத்துக்கே கிடைக்காதது ஒரு ரிலீவருக்கு (ஆட்டத்தின் நடுவில் இறங்கிப் பந்துவீசுபவர்) கிடைத்திருக்கிறது, எப்படிப் போகாமல் இருப்பது? கூப்பர்ஸ்டவுனின் மக்கள்தொகை இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது. விழா நாட்களில் ஊருக்குள் தங்க இடம் கிடைக்காது என்பதால் தெற்கே அரை மணி நேரத் தொலைவில், ஓனியான்டா பக்கம் ஒரு மோட்டல். இணையத்தில் பதிவு, உறுதி எண் எல்லாம் ஒழுங்காக வந்தது.

சனிக்கிழமை மாலை மெயின் ஸ்ட்ரீட்டில் பழைய ஆட்டக்காரர்களை வண்டிகளில் அழைத்து வரும் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் வதங்கிப்போய் மோட்டலுக்கு வந்து சேர்ந்தோம். நான், மச்சான், என் பையன். கவுண்டரில் இருந்தவர் கணினியை ஒரு தட்டு தட்டினார், "உங்கள் பெயரில் எதுவும் இல்லை." அச்சடித்த தாளை நீட்டினேன். படிக்காமலே என் பக்கம் திருப்பித் தள்ளி, அது உங்களுக்கும் அந்த இணையதளத்துக்கும் உள்ள விஷயம் என்றார். உறுதி எண்ணை வைத்துத் தேடுங்கள் என்றால், அப்படித் தேட முடியாதாம். இணையதளத்தைக் கூப்பிட்டால் மோட்டல்தான் சொல்ல வேண்டும் என்கிறார்கள், மோட்டல்காரரோ மேலாளர் திங்கட்கிழமைதான் வருவார் என்கிறார். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே எங்களுக்குப் பின்னால் வந்தவருக்கு, நாங்கள் கட்டியதைப் போல மூன்று மடங்கு விலைக்கு ஓர் அறை கைமாறியது. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் குரல் உயர்ந்தது.

மச்சான் நிதானமானவர். "இருங்க மச்சான், பணம் யார் எடுத்ததுன்னு பாருங்க" என்றார். வங்கிச் செய்தியைத் தேடி எடுத்தால், பணத்தை எடுத்தது இணையதளம் இல்லை, அந்த மோட்டலேதான், அதன் பெயரிலேயே. ஃபோனைக் கவுண்டர்காரர் முகத்துக்கு நேரே காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் மேசைக்கு அடியில் இருந்து ஒரு கோப்பை எடுத்தார், இரண்டாவது தாளிலேயே எங்கள் பதிவு. என் அப்பா பெயரில்! பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே நமக்கு எல்லாம் குடும்பப் பெயர், அதை முதற்பெயராக மாற்றிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். தாளில் இரண்டு பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது, ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, சாவியைத் தந்தார்.

ஆகவே: முன்பதிவு செய்ததோடு விடாமல், போவதற்கு ஒரு வாரம் முன்னால் மோட்டலை நேராகக் கூப்பிட்டு இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போன செய்தியை அழிக்காதீர்கள், எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

மற்றதெல்லாம் எளிது. ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு டிராலி பிடியுங்கள், உள்ளே ஓட்டிப் போகவே கூடாது. ஊரில் இறங்கி ஒரு மைல் நடந்தால் விழா நடக்கும் க்ளார்க் ஸ்போர்ட்ஸ் சென்டர். புல்வெளிக்குக் கட்டணம் இல்லை. முந்தின நாளே மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும், நாங்கள் சனிக்கிழமை மதியமே போட்டுவிட்டோம், யாரும் தொடவில்லை. நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம் சுமார் 55,000 என்றார்கள், எங்கு பார்த்தாலும் ரிவேராவின் நாடான பனாமாவின் கொடி.

அன்று சேர்க்கப்பட்டவர்கள் ஆறு பேர். மறைந்த பந்துவீச்சாளர் ராய் ஹாலடேக்காக அவர் மனைவி பேசியபோது அந்தக் கூட்டமே வாயடைத்துப் போனது. ஆனால் நான் முக்கியமாகக் காத்திருந்தது ரிவேராவைப் போலவே ரிலீவரான லீ ஸ்மித்துக்கு. ரிவேராவைப் பார்க்கத்தான் எல்லாரும் வந்தார்கள், நானும்தான், இருந்தாலும் இந்த மனிதருக்கு நடந்தது எனக்கு வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டே இருந்தது. 1980 முதல் 1997 வரை எட்டு அணிகள், 478 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது). 2006-இல் ட்ரெவர் ஹாஃப்மன் தாண்டும்வரை அதுதான் சாதனை. அப்படிப்பட்டவரை 2003-இல் இருந்து பதினைந்து வருஷம் வாக்குச்சீட்டில் நிற்கவைத்தார்கள். உள்ளே போக 75 சதவீத வாக்கு வேண்டும், அவருக்கு அதிகபட்சம் கிடைத்தது 50 சொச்சம். ஒரு இன்னிங்ஸ் வீசுபவர் என்ன பெரிய ஆட்டக்காரர் என்ற நினைப்புதான் காரணம் என்பது என் கருத்து. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலையோடு போய் நிற்பவருக்குத் தவறு செய்ய இடமே இல்லை, அவர் சறுக்கினால் மற்றவர்கள் எட்டு இன்னிங்ஸ் உழைத்ததும் வீண். கடைசியில் 2018 டிசம்பரில், வாக்கெடுப்பில் விடுபட்டவர்களைப் பார்க்கும் 16 பேர் குழு கூடி 16 பேரும் சம்மதித்தார்கள். ஸ்மித் மேடையில் எழுந்தபோது நான் கை வலிக்கத் தட்டினேன்.

ரிவேரா கடைசியாகப் பேசினார், நடுவே ஸ்பானிஷிலும். பனாமாவில் அப்பாவின் மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். 1995-இல் தொடக்கப் பந்துவீச்சாளராகப் பத்து ஆட்டம் கொடுத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை, ரிலீவர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 652 சேவ். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 2012. கான்சஸ் சிட்டியில் ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில் பந்து பிடிக்க ஓடி முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார், வயது 42. அத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அடுத்த வருஷம் திரும்பி வந்து 44 சேவ் எடுத்துவிட்டுத்தான் விடைபெற்றார். பள்ளி அணியில் பந்துவீசும் என் பையனுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். "தெரியும்ப்பா, அவர் பேசறதைக் கேக்க விடுங்க" என்றான்.

இன்னொன்று. விழா முடிந்ததும் அப்படியே ஊர் திரும்பிவிடாதீர்கள். புதியவர்களின் வெண்கலப் பட்டயங்களை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மேல்தான் அருங்காட்சியகச் சுவரில் மாட்டுகிறார்கள், சனிக்கிழமை போய்க் கூட்டத்தில் இடிபட்டுப் பிரயோஜனம் இல்லை. திங்கட்கிழமை காலை போனோம். கப்ஸ் தொப்பியோடு ஸ்மித், யாங்கீஸ் தொப்பியோடு ரிவேரா, பக்கத்தில் நின்று நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு ஞாயிறு இரவும் தங்க வேண்டும், அறை போடும்போதே அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பெரிய பெயர் சேரும் வருஷம் என்றால் வாக்கு முடிவு வரும் ஜனவரி வரை காத்திருக்காதீர்கள்.