என் முதல் கட்டுரையைத் திரும்பப் பெற்ற அனுபவம்

சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்களின் மண்ணையும், அருகே மரங்கள் அகற்றப்பட்ட சரிவுகளின் மண்ணையும் ஒப்பிட்டு, சேலத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது எழுதியதே இதழில் வெளியான என் முதல் கட்டுரை. நிழல் தோட்டத்து மண்ணில் கரிமம் தெளிவாகக் கூடுதல் என்பது அதன் முடிவு. மூலத் தரவுக் கோப்பையும் செனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஏற்றியிருந்தேன்.

அந்தக் கோப்பை வைத்துக் கணக்குப் பழகிய முதுகலை மாணவி ஒருத்தி, "அக்கா, தோட்டத்து எண்கள் மட்டும் ஒத்து வரலையே" என்று ஒருநாள் கேட்டாள். மண்ணின் கரிமத்தை வேதிப்பொருளால் ஆக்சிஜனேற்றம் செய்து அளக்கும் வாக்லி–பிளாக் முறையில், கரிமம் முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை. சராசரியாக 77 சதவீதமே கணக்கில் வரும் என்பதால், கிடைத்த மதிப்பை 1.3 ஆல் பெருக்குவது வழக்கம். சரிவு மண்ணை நானே சோதித்து அவ்வாறு பெருக்கியிருந்தேன். தோட்டத்து மண்ணை வெளி ஆய்வகம் ஒன்று சோதித்து, பெருக்கிய மதிப்பையே தந்திருந்தது. அது அறிக்கையின் அடிக்குறிப்பில் அச்சாகியும் இருந்தது. அதைப் படிக்காமல் மறுபடி பெருக்கியவள் நான். 2 சதவீதம் என்று நிற்க வேண்டிய இடத்தில் 2.6 நின்றது. சரிசெய்து பார்த்தபோது, நான் கண்டதாக எழுதிய வேறுபாடு புள்ளியியல் சோதனையில் நிற்கவில்லை.

அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் நெறியாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நோட்டையும் ஆய்வக அறிக்கையையும் எடுத்துட்டு வாங்க, முதல்ல கணக்கை முழுசாப் பார்த்துடுவோம்" என்றார். பார்த்து முடித்தபின் எழுந்த கேள்வி, திருத்தக் குறிப்பு போதுமா, கட்டுரையையே திரும்பப் பெற வேண்டுமா என்பது. வெளியீட்டு அறநெறிக்கான கோப் (COPE) அமைப்பின் நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன: நம்பத்தக்க கட்டுரையில் ஒரு சிறுபகுதி மட்டும் பிழையென்றால் திருத்தம், முடிவே நம்பத்தகாததாகிவிட்டால், பிழை அறியாமல் நேர்ந்ததாயினும் திரும்பப் பெறுதல். அதன் நோக்கம் ஆய்வுப் பதிவைச் சரிசெய்வதே, எழுதியவரைத் தண்டிப்பது அன்று என்றும் அவை சொல்கின்றன. அந்த ஒரு வரிதான் எனக்குத் துணிவு தந்தது.

இணைக் கட்டுரையாளர் ஒருவர் திருத்தக் குறிப்போடு நிறுத்தலாம் என்றார். பணி உயர்வுக்கான பட்டியலில் அவர் அக்கட்டுரையைக் காட்டியிருந்ததால் அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. இரண்டு எக்செல் தாள்களையும் அருகருகே காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். எல்லோரும் கையொப்பமிட்ட கடிதம் போய், இரண்டு நினைவூட்டல்களுக்குப் பின், ஏழாம் மாதத்தில் அறிவிப்பு வெளியானது. யார் திரும்பப் பெறுகிறார்கள், ஏன் என்பது அதில் சுருக்கமாக இருக்கிறது. பழைய கட்டுரை நீக்கப்படவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பப் பெறப்பட்டதற்கான குறியோடு அங்கேயே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். செனோடோவில் திருத்திய கோப்பைப் புதிய பதிப்பாக ஏற்றினேன். அதற்குத் தனி டிஓஐ எண் (இணையத்தில் அதை நிரந்தரமாக அடையாளம் காட்டும் எண்) கிடைத்தது. பிழையைக் கண்டவள் பெயரை அவள் சம்மதத்தோடு விளக்கக் குறிப்பில் சேர்த்தேன்.

பிறகு ஏற்காட்டுக்குப் போய், மண் எடுக்க அனுமதித்த தோட்டக்காரரிடம் நேரில் சொன்னேன். "அப்போ நிழல் மரத்தால ஒண்ணுமில்லையாம்மா?" என்று அவர் கேட்டார். அப்படியும் என் தரவு சொல்லவில்லை, அதைத் தீர்மானிக்கும் அளவுக்கு மாதிரிகள் எடுக்கவில்லை என்றேன். அறிவிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.